கையெழுத்து வாங்க எந்த ஊர் நல்ல ஊர்?

(நம் சங்கத்தின் அக்டோபர் மாதக் குடும்பச் சந்திப்பில், கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன முறை நான் மைக் பிடித்தபோது பராமரிப்புக் கட்டணத்தையும் சிங்கிங் ஃபண்டையும் பற்றிப் பேசினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். அதனால் கலாசாரச் செயலாளர் அம்மா இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சார், குழந்தைகளும் கேட்கிற மாதிரி ஏதாவது பேசுங்கள்." ஆகவே இன்றைக்கு ஆட்டோகிராஃப் பற்றிப் பேசப் போகிறேன். விளையாட்டு வீரர்களிடமும் சினிமா, நாடக, சங்கீதப் பிரபலங்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் உலகத்தில் எந்த ஊர் நல்ல ஊர்? இதுதான் கேள்வி.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தவன் நான். ஓய்வு பெறும் வரை என் வேலையில் பெரும்பகுதி கையெழுத்துப் பார்ப்பதுதான். காசோலையில் இருப்பதும் மாதிரிக் கையெழுத்து அட்டையில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்திருக்கிறேன். "பார்த்தது போதாதா, இப்போது ஊர் ஊராகப் போய் வேறு பார்க்க வேண்டுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். அது வயிற்றுக்காகப் பார்த்தது, இது ஆசைக்காகப் பார்ப்பது. மகள் நியூ ஜெர்சியில் இருப்பதால் நியூயார்க்கில் நின்று பார்த்திருக்கிறேன். மற்ற ஊர்களைப் பற்றிப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டேன்.

நிறைய பிரபலங்கள் எங்கே இருக்கிறார்களோ அதுதான் நல்ல ஊர் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படியானால் முதலிடம் மும்பைக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ போக வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை அப்படி வரவில்லை. நான்கு விஷயங்களை வைத்து மார்க் போடலாம். ஒன்று, வாசல்: பிரபலம் எந்த வழியாக நடந்து வருவார் என்று நமக்குத் தெரிய வேண்டும். இரண்டு, நேரம்: எப்போது வருவார் என்று தெரிய வேண்டும். மூன்று, வரிசை: காத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நிற்க ஓர் ஏற்பாடு வேண்டும். நான்கு, அவகாசம்: வருகிறவருக்கும் நின்று பேனாவைப் பிடிக்க அரை நிமிஷம் இருக்க வேண்டும். இந்த நான்கும் அமைந்தால் சின்ன ஊரும் நல்ல ஊர். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் கஷ்டம்தான்.

முதலில் மும்பையை எடுத்துக்கொள்வோம். ஜூஹுவில் அமிதாப் பச்சன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடும், அவரும் வெளியே வந்து கையசைப்பார். இது பல வருஷங்களாக நடக்கிற வழக்கம். பாந்த்ராவில் ஷாருக் கானின் வீட்டுக்கு எதிரே நவம்பர் 2-ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளன்று, கடல் அலை ஒரு பக்கம், மனித அலை ஒரு பக்கம். வாசலும் நேரமும் தெரிகின்றன, ஆனால் வரிசையும் இல்லை, அவகாசமும் இல்லை. தரிசனம் உண்டு, பிரசாதம் கிடையாது. நான்குக்கு இரண்டு மார்க்.

லாஸ் ஏஞ்சலஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். நட்சத்திரங்கள் அங்கே நிறைய. ஆனால் அவர்கள் வீட்டு கேட்டிலிருந்து காரில் ஏறி ஸ்டுடியோ கேட்டுக்குள் இறங்குகிறவர்கள். தெருவில் நடந்து வருவது அபூர்வம். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஹாலிவுட் பூலவார்டு நடைபாதையில் கலைஞர்களின் பெயர் பொறித்த 2,700-க்கும் மேற்பட்ட நட்சத்திரக் கற்கள் பதித்திருக்கிறார்கள். புதிதாக ஒரு கல் திறக்கும்போது அந்தக் கலைஞர் நேரில் வருவார். விழா நாளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், பொதுமக்கள் இலவசமாக நின்று பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் லாஸ் ஏஞ்சலஸ் நல்ல ஊர்.

இப்போது அதற்கு நேர் எதிரான ஓர் ஊர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒன்று இருக்கிறது. மக்கள் தொகை ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி. ஆனால் அங்கே பேக்கர்ஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று உண்டு. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தக் கால்பந்து. அந்த நாட்டின் பெரிய அணிகளில் அதுவும் ஒன்று. கோடையில் பயிற்சி முகாம் தொடங்கும்போது, ஊர்க் குழந்தைகள் தங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேடியம் வாசலில் வந்து நிற்பார்கள். வீரர் வெளியே வந்து ஒரு குழந்தையின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போவார். நூற்றைம்பது கிலோ ஆள், முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி, பத்து வயதுப் பெண்ணின் குட்டி சைக்கிளில்! அந்தப் பெண் அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடுவாள். பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம் இது. அந்தக் குழந்தைக்குக் கையெழுத்து கிடைக்காமல் போகுமா? அதற்கு முன்னாலேயே ஒரு சிநேகிதம் கிடைத்துவிடுகிறது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அணி எந்தக் கோடீசுவரருக்கும் சொந்தமில்லை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பங்குதாரர்கள் அதன் உரிமையாளர்கள். டிவிடெண்ட் கிடையாது, சந்தையில் விற்கவும் முடியாது. வங்கியில் இப்படி ஒரு பங்கைச் சிபாரிசு செய்திருந்தால் என்னை அடித்திருப்பார்கள். ஆனாலும் ஜனங்கள் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவைக்கிறார்கள். அணி ஊருடையது என்பதால், ஊர்க் குழந்தையின் சைக்கிளில் ஏறுவதை வீரர் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை. கிரீன் பேக்கு நான்குக்கு நான்கு.

பேஸ்பால் விளையாட்டுக்கு இரண்டு இடங்கள். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சீசனுக்கு முந்தைய பயிற்சிக்காகப் பதினைந்து அணிகள் அரிசோனாவுக்கும், பதினைந்து அணிகள் ஃபுளோரிடாவுக்கும் போய்விடும். அரிசோனாவில் அந்தப் பதினைந்து அணிகளும் ஃபீனிக்ஸ் நகரத்தைச் சுற்றிப் பத்து மைதானங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு மைதானங்களுக்குப் போகலாம். அப்போது ஆடுவது பயிற்சி ஆட்டம், வெற்றி தோல்வி கணக்கில் சேராது. அதனால் வீரர்களின் மனசு லேசாக இருக்கும். வேலி ஓரமாக வந்து நின்று, பேசி, எழுதிக் கொடுப்பார்கள். பரீட்சை அன்று பையனிடம் பேச முடியாது, பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் பேசலாம். அதே கணக்குதான்.

இன்னோர் இடம், நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன். இரண்டாயிரம் பேர் கூட வசிக்காத கிராமம். அங்கேதான் பேஸ்பால் வீரர்களின் புகழ் மண்டபம் 1939-இல் திறக்கப்பட்டது. ஜூலை மாதம் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும்போது, ஓய்வு பெற்ற பெரிய வீரர்கள் பலர் அந்த ஒரே கடைத்தெருவில் வந்து மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் இனாமாக அல்ல. இன்னாருக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் உண்டு, டோக்கன் உண்டு, வரிசை உண்டு.

கையெழுத்துக்குக் காசா என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் காந்தியடிகளே ஆட்டோகிராஃபுக்கு ஐந்து ரூபாய் வாங்கியவர்தான். அந்தப் பணம் ஹரிஜன நிதிக்குப் போனது. விலை முன்கூட்டியே எழுதியிருக்கிறதா, பணம் எங்கே போகிறது என்று தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால் அது நேர்மையான வியாபாரம். வாங்குவதும் வாங்காததும் நம் விருப்பம்.

நியூயார்க் நகரத்துக்கு வருவோம். பிராட்வே நாடக அரங்குகள் 41. டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி, நடந்தே போகிற தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு அரங்குக்கும் பக்கத்துச் சந்தில் நடிகர்கள் போய்வருகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. மேடைக் கதவு என்பார்கள். நாடகம் முடிந்ததும் அங்கே இரும்புத் தடுப்பு வைப்பார்கள். டிக்கெட்டோடு இலவசமாகக் கிடைக்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் நிற்கலாம். நான் ஒரு டிசம்பர் மாதக் குளிரில் மகளோடு நின்றேன். ஒப்பனையைக் கலைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு வசனம் மட்டும் பேசிய ஓர் இளைஞர் வந்தபோதும் அதே கைதட்டல். அவர் என்னிடம், "உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும்?" என்று எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார். மேடைக் கதவில் வந்து நிற்க வேண்டும் என்று நடிகர்களுக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது. உடம்பு முடியாத நாளில் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டமும் முணுமுணுக்காது. லண்டனில் வெஸ்ட் எண்ட் நாடக அரங்குகளிலும் இதே வழக்கம்தான்.

டென்னிஸ் பிடித்தவர்களுக்கும் நியூயார்க் நல்ல ஊர். ஆகஸ்ட் கடைசியில் யு.எஸ். ஓப்பன் முக்கியச் சுற்று தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் தகுதிச் சுற்று நடக்கும். அந்த வாரம் வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பெரிய வீரர்களும் அப்போது பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். பயிற்சி முடிந்து போகும்போது குழந்தைகள் பூசணிக்காய் அளவு டென்னிஸ் பந்தை நீட்டுவார்கள், அதில் கையெழுத்து விழும். மகன் மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் இந்தக் குடியிருப்பில் நிறைய இருக்கிறோம். பேரக் குழந்தைகளோடு போக இந்த வாரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் விம்பிள்டன் வரிசையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாள் ராத்திரியே பூங்காவில் கூடாரம் போட்டுப் படுப்பார்கள். வந்த வரிசைப்படி எண் போட்ட அட்டை கொடுப்பார்கள். எப்படி நிற்க வேண்டும் என்பதற்கே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிடுகிறார்கள். அட்டை இருந்தால் உங்கள் இடம் உங்களுடையது, யாரும் முந்த முடியாது. நம் வங்கியில் டோக்கன் முறை வருவதற்கு முன்னால் கவுன்டரில் எத்தனை கைகள் உள்ளே நீளும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த அட்டையின் அருமையும் தெரியும். வெளிப்புறக் கோர்ட்டுகளில் ஆட்டம் முடிந்து வீரர்கள் ஜனங்களுக்கு நடுவே நடந்து போவார்கள். கையெழுத்துக்கு சென்டர் கோர்ட்டை விட அதுதான் சரியான இடம்.

கிரிக்கெட்டுக்கும் இதே நியாயம். லார்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் நடக்கும்போது கையெழுத்து வாங்குவது கடினம். ஹோவ், டான்டன் மாதிரி சின்ன ஊர்களில் கவுன்டி ஆட்டம் நடக்கும்போது எல்லைக் கோட்டுக்கு ஓரமாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். நம் சேதேஸ்வர் புஜாரா 2022-இல் சசெக்ஸ் அணிக்காக ஹோவில் இரட்டைச் சதம் அடித்தார். இந்தியாவில் அவருக்குப் பக்கத்தில் போக முடியாதவர்கள் அங்கே போயிருந்தால் உணவு இடைவேளையில் பார்த்திருக்கலாம்.

சினிமா விழா ஊர்களில் டொரான்டோ நல்லது. செப்டம்பரில் கிங் தெருவில் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஜனங்கள், அந்தப் பக்கம் நட்சத்திரங்கள். நடந்துகொண்டே எழுதிக் கொடுப்பார்கள். பிரான்சில் கான் ஊரில் மே மாதம் விழா. சிவப்புக் கம்பளத்தைப் பார்க்க அந்த ஊர் ரசிகர்கள் வீட்டிலிருந்து மடக்கு ஏணி கொண்டுவந்து, சங்கிலி போட்டுக் கட்டி, இடம் பிடித்துவைப்பார்கள். பெயின்டர் ஏணியோடு போக நமக்குத் தெம்பு இருந்தால் போகலாம்.

இவ்வளவு ஊர் சொல்லிவிட்டு நம் சென்னையை விட்டுவிட்டால் நீங்கள் சும்மா விட மாட்டீர்கள். சென்னைக்கு எத்தனை மார்க்?

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். நடக்கும்போது மார்க் குறைவுதான். ஹோட்டலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து நேரே உள்ளே. நாம் பார்ப்பது பஸ்ஸின் கறுப்புக் கண்ணாடியைத்தான். ஆனால் இதே சென்னையில் கிளப் அணிகள் ஆடும் லீக் கிரிக்கெட் வேறு மைதானங்களில் நடக்கிறது. மர நிழலில் நின்று பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. இந்திய அணிக்கு ஆடியவர்களும் அங்கே வந்து ஆடுவதுண்டு. ஆட்டம் முடிந்து கிட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வருவார்கள்.

அடுத்தது சதுரங்கம். விஸ்வநாதன் ஆனந்திலிருந்து குகேஷ் வரை உலக சாம்பியன்களைக் கொடுத்த ஊர் இது. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்தார்கள். சதுரங்கத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் நகர்த்தல்களை எழுதிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. தோற்றவரும் போட வேண்டும். வவுச்சர் மாதிரி! கையெழுத்தோடு முடிகிற ஆட்டம் அது. உங்கள் குழந்தை சின்னப் போட்டிகளில் கலந்துகொண்டால், இன்றைக்கு எதிரே உட்கார்ந்தவர் நாளைக்குக் கிராண்ட்மாஸ்டர் ஆகலாம். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் சென்னைக்கு முழு மார்க் வாங்கித் தருவது மார்கழிதான். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. இன்றைக்கு மயிலாப்பூர், தி.நகர், ஆழ்வார்பேட்டை என்று நடந்தும் ஆட்டோவிலும் போகிற தூரத்தில் எத்தனை சபாக்கள்! எந்தக் கலைஞர், எந்த மேடை, எத்தனை மணி என்று முன்னதாகவே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மங்களம் பாடி முடித்ததும் ரசிகர்கள் மேடைக்கு அருகே போகலாம். வித்வானோ விதுஷியோ அங்கேயே உட்கார்ந்து சால்வையை மடித்துக்கொண்டு பேசுவார்கள். வாசல், நேரம், அவகாசம் மூன்றும் இருக்கின்றன. வரிசைகூட கேன்டீனில் இருக்கிறது! அதே கேன்டீனில் நமக்கு அடுத்த மேஜையில் மிருதங்கக்காரர் காபி குடித்துக்கொண்டிருப்பார். மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே இல்லை. அங்கே பாடுகிற இருபது வயதுப் பெண் பத்து வருஷத்தில் மாலை நேரத்துக்கு வந்துவிடுவார். அவரிடம் இன்றைக்கு வாங்கும் கையெழுத்து நல்ல நீண்டகால முதலீடு.

அடுத்து ஜனவரியில் புத்தகக் காட்சி. 1977 முதல் நடக்கிறது. எழுத்தாளர்கள் அரங்கில் உட்கார்ந்து, வாங்கின புத்தகத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். உலகத்தில் பல ஊர்களில் இதற்கு முன்பதிவு வேண்டும். இங்கே புத்தகத்தின் விலை மட்டும் போதும்.

இனி, வங்கிக்காரனாக நான்கு எச்சரிக்கைகள்.

முதலாவது, விலைக்கு வாங்காதீர்கள். பிரபல வீரர் கையெழுத்துப் போட்ட பேட், பந்து, சட்டை என்று இணையத்தில் நிறைய விற்கிறார்கள். அமெரிக்காவில் 1990-களில் எஃப்.பி.ஐ. ஒரு பெரிய மோசடிக் கும்பலைப் பிடித்தது. பேஸ்பால் வீரர்களின் கையெழுத்துகளை மொத்தமாகப் போலி செய்து விற்ற கும்பல். பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்து இருந்தது! கொல்கத்தாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்தவருக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாங்குகிறவர் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். ஆசை யோசிக்க விடாது. உண்மைச் சான்றிதழும் சேர்த்தே தருகிறார்களே என்பீர்கள். கையெழுத்தையே போலியாகப் போடுகிறவனுக்குச் சான்றிதழ் அச்சடிப்பது பெரிய வேலையா?

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். கவுன்டரில் நாங்கள் பார்த்தது இதுதான். உண்மையான கையெழுத்து வேகமாக ஓடும், தொடக்கமும் முடிவும் காற்றில் பறக்கிற மாதிரி மெலிந்திருக்கும். போலி மெதுவாக வரைந்தது, கோடு நடுங்கும், நடுவில் பேனாவைத் தூக்கி வைத்த இடம் தெரியும். இன்னொன்று, ஒரே ஆள் போட்ட இரண்டு கையெழுத்துகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவே முடியாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள், அது இயந்திரம் போட்டதாகவோ அச்சடித்ததாகவோ இருக்கலாம். மனுஷன் போட்டதில் கொஞ்சம் மாற்றம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, வெறும் வெள்ளைத் தாளை நீட்டாதீர்கள். கையெழுத்துக்கு மேலே யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவிடலாம் என்பது வங்கியில் முதல் பாடம். விவரம் தெரிந்த பிரபலங்கள் அதனாலேயே தயங்குவார்கள். கச்சேரி நிகழ்ச்சி நிரல், ஸ்கோர் அட்டை, புத்தகம், ஆட்டோகிராஃப் நோட்டு இப்படி ஏதாவது கொடுங்கள். பேனா எழுதுகிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுதினால் மறுவிலை குறையும் என்று வியாபாரிகள் அதை விரும்ப மாட்டார்கள். நாம் விற்கப் போவதில்லையே! "உன் பேர் என்ன?" என்று அவர் நம் குழந்தையிடம் கேட்க வேண்டும். செல்ஃபியில் அது நடக்காது. செல்ஃபியில் இரண்டு பேரும் போனைப் பார்க்கிறார்கள். கையெழுத்துக்கு அவர் நின்று, குனிந்து, கேட்டு, எழுத வேண்டும். சாந்திநிகேதனுக்கு அம்மாவோடு போன சத்யஜித் ராய் என்ற சிறுவன் தன் நோட்டை நீட்டியபோது, தாகூர் அதை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் எட்டு வரிக் கவிதை ஒன்றை எழுதிக் கொடுத்தார். பெரியவனானால் இதன் அர்த்தம் புரியும் என்று அம்மாவிடம் சொன்னாராம். அந்தப் பையன் என்ன ஆனான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நோட்டுக்குள் அவ்வளவு நடக்கலாம்.

நான்காவது எச்சரிக்கைதான் மிக முக்கியம். பெற்றோர்கள் கவனமாகக் கேளுங்கள். 2025 ஜூன் 3-ஆம் தேதி பெங்களூரு அணி முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி ஸ்டேடியத்தில் கொண்டாட்டம். வெளியே கூடிய கூட்டத்தில் நசுங்கி 11 பேர் இறந்துபோனார்கள். தங்களுக்குப் பிடித்த வீரர்களை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஆசைதான் அவர்களுக்கும் இருந்தது.

அதனால்தான் மார்க் போடும்போது வரிசைக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தேன். விம்பிள்டனில் எண் போட்ட அட்டை, பிராட்வேயில் இரும்புத் தடுப்பு, கூப்பர்ஸ்டவுனில் டோக்கன். எல்லாம் சொல்வது ஒன்றுதான்: காத்திருக்கிறவரும் ஒரு மனுஷர், அவருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த எண்ணம் இருக்கிற ஊரில் பிரபலமும் நின்று எழுதுகிறார். அது இல்லாத இடத்தில் அவர் காரிலிருந்து இறங்கக் கூட முடியாது. ஒருவேளை இறங்கினால் ஆபத்து. கையெழுத்துக்கு நல்ல ஊர் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: பிரபலங்கள் நிறைந்த ஊர் அல்ல, காத்திருப்பவர்களை மதிக்கிற ஊர்.

குழந்தைகளுக்கு ஒரே ஒரு விதி சொல்கிறேன். ஒரு வாசலில் நிற்கும்போது, திரும்பிப் பார். வந்த வழியே வெளியே போக முடிகிறதா? முடியவில்லை என்று தோன்றினால், எதிரே யார் வந்தாலும் சரி, உடனே ஓரமாக நகர்ந்து வெளியே வந்துவிடு. அந்த வீரர் அடுத்த வருஷமும் வருவார்.

கமிட்டிக்கு ஒரு கோரிக்கையோடு முடித்துக்கொள்கிறேன். டிசம்பர் வருகிறது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரிக்கும், ஜனவரியில் புத்தகக் காட்சிக்கும் நம் குழந்தைகளை ஒரு வேனில் அழைத்துப் போகலாம். வேன் வாடகையை வருகிறவர்கள் பகிர்ந்துகொள்ளலாம், சங்க நிதியைத் தொட வேண்டாம். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், பில்லோடு ஒப்படைக்கிறேன். கூட வர இரண்டு பெரியவர்கள் வேண்டும். வருகிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஆட்டோகிராஃப் நோட்டு என் செலவில். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் நவம்பர் 20-க்குள் சங்க அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டில் எழுதுங்கள். பெயருக்கு எதிரே பெற்றோர் கையெழுத்து அவசியம். மெதுவாக வரைந்ததாக இருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன்!